பள்ளியை விட்டார், படிப்பை விடவில்லை!

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஆனி பிறந்து, குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் தென்காசிக்கே ஒரு தனிக் களை வந்துவிடும். மேற்கே மலைமுகட்டில் மேகம் இறங்கும். பேரருவியும் ஐந்தருவியும் ஆர்ப்பரிக்கும். ஊரெங்கும் வெளியூர் வண்டிகள் நிறையும். காண வருவோர்க்கு அது விழா. மேலகரத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் குடும்பத்திற்கோ அது அறுவடைக் காலம். அந்த மூன்று மாதங்களில் என் தந்தையார் ஈட்டுவதும், ஆண்டு முழுவதும் என் தாயார் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றி ஈட்டுவதும் சேர்ந்தே என்னைக் கல்லூரிக்கு அனுப்பி வைத்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்.

சென்ற ஆண்டு, அதாவது 2025ஆம் ஆண்டுச் சீசனில், அந்த அறுவடை பொய்த்தது. மழை பொய்க்கவில்லை, அருவி பொய்க்கவில்லை, மாறியது வண்டிதான். 2020 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி நாடெங்கும் பி.எஸ். 6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்ப்பரேட்டர் இல்லை. எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிக்கும் இஞ்செக்டரும், அதற்குச் செய்தி சொல்லும் சென்சார்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. உத்தரவாதக் காலம் முடியும்வரை அவ்வண்டிகள் கம்பெனி சர்வீசுக்கே சென்றன. இப்போது அவை எங்களைப் போன்ற தெருவோரப் பட்டறைகளுக்கு வருகின்றன. முப்பதாண்டுகளாக ஓசையைக் கேட்டே நோய் சொல்லி வந்த என் தந்தையார், வந்த வண்டிகளில் பாதியைக் கைவைக்காமலே திருப்பி அனுப்பினார்.

இந்நிலையில்தான் என் சித்தப்பா ஒருநாள் பட்டறைக்கு வந்தார். நான் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவுக்குத் துணையாகத் தொழிலில் இறங்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் காட்டிய சான்று கோவை ஜி.டி. நாயுடு. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒருவர் அத்தனை பொருள்களைக் கண்டுபிடித்துக் கோடீசுவரராகவில்லையா, இவனுக்கு எதற்குக் கல்லூரி என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரைத் துடைத்துக் கொண்டிருந்தார். எனக்கும் பதில் தெரியவில்லை. சித்தப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே, அவர் சான்று காட்டிய மனிதரின் வாழ்க்கையையே முழுவதுமாகப் படித்துவிடுவது என்று நூலகத்திற்குச் சென்றேன். அங்கே நான் கண்டதைத்தான் நண்பர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

களங்கல் சிறுவன்

கோவையை அடுத்த களங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், கோபால்சாமி நாயுடு என்னும் உழவரின் மகனாகப் பிறந்தார் துரைசாமி. பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடிய பிள்ளை என்றே அவருடைய இளமைக் கதை தொடங்குகிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது என்பர்.

இத்துடன் நிறுத்திவிட்டால் சித்தப்பா சொன்னது சரிதான். ஆனால் வரலாறு இத்துடன் நிற்கவில்லையே! பள்ளியை விட்ட அச்சிறுவன் பிற்பாடு தாமாகவே தமிழ் நூல்களைத் தேடிப் படித்தான். பள்ளிக்கூடத்தில் கசந்த எழுத்து, தானாக நாடியபோது இனித்தது. யாரும் மிரட்டாதபோது கற்றுக்கொள்ளும் மனம் சிலருக்கு அமைந்துவிடுகிறது. அது அவருக்கு வாய்த்தது. அவரோடு அதே காலத்தில் பள்ளியை விட்ட பிள்ளைகள் கொங்கு நாட்டில் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பர்! அவர்கள் பெயரை நாம் அறிவோமா? பள்ளியை விட்டதால் ஒருவர் ஜி.டி. நாயுடு ஆனார் என்றால், அவர்கள் அனைவரும் ஜி.டி. நாயுடு ஆகியிருக்க வேண்டும் அன்றோ!

பிரித்துப் பார்த்த வண்டி

அவருடைய வாழ்வைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் வண்டியில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் தானே ஓடும் வண்டியைக் கண்டு அந்த இளைஞர் மலைத்து நின்றார். அதை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்து, கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். காலணா அரையணாவாகச் சேர்த்து, முடிவில் அந்த வண்டியை வாங்கியும் விட்டார்.

வாங்கிய பிறகு அவர் செய்ததுதான் நான் பலமுறை திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்த செய்தி. வேறொருவராக இருந்தால் அதில் ஏறி ஊரை வலம் வந்திருப்பார். அவரோ வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். ஒவ்வொரு உறுப்பும் எதற்காக அங்கே இருக்கிறது என்று பார்த்தார். மீண்டும் பூட்டினார். அந்த வண்டியே அவருக்குப் பாடநூல். எண்ணெய்க் கறை படிந்த தரையே வகுப்பறை. அவ்வாறு அவர் மோட்டார் இயந்திரத் தொழிலைக் கற்றார்.

உலக வரலாற்றில் இதற்கு இணையாக எனக்கு நினைவு வருபவர் மைக்கேல் பாரடே. இலண்டன் நகரில் கருமான் ஒருவரின் மகனாக 1791இல் பிறந்த அவர், பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழாண்டுகள் அங்கே இருந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையெல்லாம் படித்தார். பின்னர் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பி, 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராக இடம்பெற்றார். நாம் ஆய்வகத்தில் செய்து பார்க்கும் மின்காந்தத் தூண்டல் அவர் தந்த கொடை. பாரடே, நாயுடு இருவருக்கும் பட்டம் வழங்கிய வகுப்பறை இல்லை. ஆனால் படிக்காத நாளும் அவர்களிடம் இல்லை.

விழுந்தும் எழுந்தும்

நாயுடுவின் பாதை நேர்ச்சாலையன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தி வாணிகம் செய்து பொருள் சேர்த்தார். அந்தப் பொருளோடு பம்பாய்க்குச் சென்று, அங்குள்ள பருத்திச் சந்தையில் இழந்து திரும்பினார். தெரிந்த தொழிலிலிருந்து தெரியாத சந்தைக்குத் தாவியதால் வந்த இழப்பு அது. வெறுங்கையோடு ஊர் திரும்பியவர் மீண்டும் தாம் நன்கு கற்ற மோட்டாரையே நாடினார்.

அப்போது கோவையில் தொழில் நடத்திவந்த இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அவருக்குத் துணை நின்றார். அந்த உதவியால் 1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார் நாயுடு. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. அந்த ஒற்றை வண்டியே வளர்ந்து யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாகி, சில ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட பேருந்துகளைக் கண்டது. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேரும் வண்டிகள் என்று அவை பெயர் பெற்றன. பழுதான வண்டியை வெளியே அனுப்பாமல் தம் பட்டறையிலேயே செப்பனிட ஆட்களைப் பழக்கினார். பேருந்து ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் அவரிடம் வேலையோடு தொழிலும் கற்றார்கள்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரைத் தூக்கிவிட ஒரு கை இருந்தது. திறமை ஒன்றே போதும், உதவி வேண்டாம் என்று இந்த வாழ்க்கை சொல்லவில்லை. திறமை உள்ளவனை அடையாளம் கண்டு கடன் கொடுக்க ஒருவர் முன்வந்தபோதுதான் அந்தத் திறமை பேருந்தாக ஓடியது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தக் கை எது? குறைந்த கட்டணத்தில் நமக்குக் கதவு திறந்த இந்த அரசுக் கல்லூரிதான் என்று நான் துணிந்து சொல்வேன்.

பீளமேட்டில் பிறந்த மோட்டார்

1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் வந்தது. ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மின்மோட்டார் தேவைப்பட்டது. அதுவோ கடல் கடந்து வர வேண்டியிருந்தது. பேருந்தில் வெற்றி கண்ட நாயுடு, இது நம் தொழிலன்று என்று இருந்துவிடவில்லை. நாற்பது வயதைக் கடந்த நிலையில் மின்னியலைக் கற்கலானார். டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் உழைத்ததன் பயனாக, 1937இல் பீளமேட்டில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் உருவாயிற்று. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைக் கண்டார். இன்று மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் கோவை பெயர் பெற்று விளங்குகிறதென்றால், அந்த வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இந்த மோட்டார் நிற்கிறது.

ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றபோதும் அவர் வேடிக்கை பார்க்கச் செல்லவில்லை. கையில் படக்கருவியோடு சென்றார், தொழிற்கூடங்களைப் பார்த்தார், கற்றதைக் கொண்டுவந்தார். உலர் மின்கலத்தில் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவர் ஆக்கியவை பல. எழுபது ரூபாய்க்கு ஐந்து வால்வு வானொலியைத் தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் விலையில் விற்கத் திட்டமிட்டார். அதற்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. இயந்திரத்தோடு நில்லாமல் பருத்தியிலும் பப்பாளியிலும் புதுவகை கண்டு, உழவிலும் ஆராய்ச்சி செய்தார். எல்லா முயற்சியும் வென்றுவிடவில்லை. சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு. தோல்விக்குப் பின்னும் அடுத்த பாடத்தைத் தொடங்கிவிடுவார் என்பதே அவர் சிறப்பு.

கல்லூரி கண்ட கல்லாதவர்

நண்பர்களே! இனி நான் சொல்லப் போவதுதான் சித்தப்பாவின் கேள்விக்கு நேரான விடை.

1944இல் போக்குவரத்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிய நாயுடு, ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகை, தொழிலாளர் நலம் முதலியவற்றிற்குப் பொருள் வழங்கினார். 1945இல், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் கோவையில் எழ முதற்காரணராக இருந்தார். கல்லூரிக்கு முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் பொறியியல் கல்லூரி முதல்வர்! அந்தக் கல்லூரியே பின்னர் தடாகம் சாலைக்கு மாறி, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் சிறந்து விளங்குகிறது. அது முதலில் இருந்த பகுதியைக் கோவை மக்கள் இன்னும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர்.

படிப்பு வீண் என்று எண்ணியவரா கல்லூரி கட்டுவார்? அவருடைய சண்டை படிப்போடு அன்று, வீணாகும் காலத்தோடு. நான்காண்டுப் பொறியியல் படிப்பைச் செய்முறையோடு சேர்த்து இரண்டாண்டில் முடிக்கலாம் என்பது அவர் கருத்து. அன்றைய அரசு அதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

இரண்டாண்டா நான்காண்டா என்பதில் நான் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவன் அல்லேன். அடிப்படைக் கணக்கும் கொள்கையும் ஊறுவதற்குக் காலம் வேண்டும் என்று நம் பேராசிரியர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மையே. ஆயினும், கையும் ஏடும் பிரிந்து கிடக்கக்கூடாது என்ற அவர் கருத்தை இன்று உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. செருமனியில் தொழில் பழகும் இளைஞர், வாரத்தில் சில நாள் தொழிற்கூடத்திலும் சில நாள் பள்ளியிலுமாகப் பயில்கின்றனர். நம் ஊருக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்துள்ள ஜோஹோ நிறுவனம், பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தன் பள்ளியில் பயிற்சி அளித்து வேலையும் தருகிறது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாக நம்மைப் போன்ற கலைக் கல்லூரி மாணவர்க்கும் தொழில்திறன் பாடங்கள் வந்துள்ளன. உலகின் எந்த மூலையிலோ வகுக்கப்படும் ஒரு தொழில்நுட்பம் சில ஆண்டுகளில் மேலகரத்துப் பட்டறைக்கு வந்துவிடும் இந்நாளில், ஒருமுறை கற்றதை வைத்து ஒரு வாழ்நாளை ஓட்டிவிட முடியாது என்பதற்கு என் தந்தையாரைவிடச் சான்று வேறு வேண்டுமா?

எங்கள் பட்டறையில் ஒரு மாலை

நூலகத்தில் இதையெல்லாம் படித்த அதே வாரத்தில் ஒரு பி.எஸ். 6 வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. ஓடும்போது நடுவில் திணறியது. அப்பா வழக்கம்போலத் திருப்பி அனுப்பப் பார்த்தார். நான் ஒருநாள் பொறுக்கும்படி வண்டிக்காரரைக் கேட்டுக்கொண்டேன்.

அப்பா ஆக்சிலேட்டரை மெல்லத் திருகிக் காதைக் கொடுத்தார். தொடக்கத்தில் குறையில்லை, முடிவில் குறையில்லை, பாதித் திருகலில்தான் மூச்சுத் தட்டுகிறது என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவ்வளவும் தெரிந்தது! திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மின்னழுத்தமாக மாற்றிச் சொல்லும் சென்சார் ஒன்று அங்கே உண்டு. அது நம் ஆய்வகத்தில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் உறவினர்தான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். அப்பா திருகத் திருக எண் சீராக ஏற வேண்டும். ஏறிக்கொண்டே வந்த எண், அவர் சொன்ன அதே இடத்தில் குதித்து விழுந்தது. சென்சார் தேய்ந்திருந்தது. மாற்றினோம், வண்டி ஓடியது.

அவர் காது இல்லையேல் எங்கே தேடுவதென்று எனக்குத் தெரிந்திராது. என் ஆய்வகப் பாடம் இல்லையேல் எதைத் தேடுவதென்று அவருக்குத் தெரிந்திராது. அன்றிரவு உணவுக்குப் பின், ஐம்பத்திரண்டு வயதான என் தந்தையார் என் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, வோல்ட் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கடியில் அமர்ந்து எனக்கு அரிச்சுவடி சொல்லித்தர முடியாமற் போனவர், எனக்கு மாணவராக அமர்ந்தார். அம்மா முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எங்களையே பார்த்துக் கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது அவர் சென்சார் வண்டிகளைத் திருப்பி அனுப்புவதில்லை. தவணையில் ஒரு ஸ்கேனர் வாங்கியிருக்கிறோம். அதன் திரையில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். மின்சார ஸ்கூட்டர்களும் தென்காசித் தெருக்களில் பெருகி வருகின்றன. அதற்குள்ளும் ஒரு மோட்டார்தானே இருக்கிறது என்று சொல்லி, அடுத்த பாடத்துக்கு அவர் இப்போதே ஆயத்தமாகிவிட்டார்.

சித்தப்பாவிடம் சொன்னது

மீண்டும் வந்த சித்தப்பாவிடம் நான் பணிவோடு சொன்னேன்: ஜி.டி. நாயுடுவை நீங்கள் சரியாகவே சான்று காட்டினீர்கள். அவர் பள்ளியை விட்டதை மட்டும் பார்த்தீர்கள், எண்பது வயதுவரை படிப்பை விடாததையும் பார்க்க வேண்டும் என்று. மாலையிலும் விடுமுறையிலும் பட்டறை, பகலில் கல்லூரி என்று வைத்துக்கொள்கிறேன் என்றேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே, தன் வண்டியையும் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

1974 ஜனவரி 4ஆம் நாள் ஜி.டி. நாயுடு மறைந்தார். அரை நூற்றாண்டு கடந்தும் அவர் பெயர் மறையவில்லை. 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டிய மனிதரின் பெயரை ஒரு பெருஞ்சாலை தாங்குவது பொருத்தமே.

மாணவ நண்பர்களே! பட்டம் நமக்குத் தேவை. என் போன்றோர் வீட்டில் அது முதல் விளக்கு. அதை அணைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பட்டம் பெறும் நாளோடு நம் படிப்பு முடிந்தது என்று நாம் எண்ணுவோமாயின், மூன்றாம் வகுப்போடு நின்ற அந்த மனிதரைவிட நாமே குறைவாகப் படித்தவர்கள் ஆவோம். குற்றாலத்து அருவி சென்ற ஆண்டு விழுந்த நீரையே இந்த ஆண்டும் கொட்டுவதில்லை. ஒவ்வொரு சாரலிலும் புதுநீரைப் பெறுகிறது. அதனால்தான் அது அருவி. நம் அறிவும் அவ்வாறே ஆகட்டும்!